கூத்துக் கொப்பிக்கும் ஏட்டுக்கும் ஆய்வு நிதி கேட்பது எப்படி?

இலக்கியம், வரலாறு, மொழி, சமயம், கலை ஆகியவற்றைக் கணினியின் துணையோடு சேகரித்து, ஒழுங்குபடுத்தி, ஆராய்வதை டிஜிட்டல் மனிதப்பண்பியல் என்கிறோம். கூத்துக் கொப்பிகளை, அதாவது கூத்தின் பாட்டும் வசனமும் எழுதிய குறிப்பேடுகளை, படம்பிடித்துப் பட்டியலிடுவது, ஒரே பாடல் ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று ஒப்பிடுவது, பழைய காணி உறுதிகளில் வரும் இடப்பெயர்களை வரைபடத்தில் குறிப்பது, தாலாட்டையும் ஒப்பாரியையும் ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்குவது எல்லாம் இதற்குள் அடங்கும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படிச் செய்யவேண்டிய வேலை குவிந்து கிடக்கிறது. 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் நீண்ட போரும் கொண்டுபோனது போக எஞ்சியவை வீட்டு றங்குப் பெட்டிகளிலும் கோயில் அறைகளிலும் பள்ளிவாசல் அலுமாரிகளிலும் இருக்கின்றன. செய்ய விருப்பமுள்ளவர்களும் இருக்கிறார்கள். நிதி கேட்கும் இடத்தில்தான் தடக்குகிறது. முதன்முறையாக எழுதப்படும் விண்ணப்பங்களில் பாரம்பரியத்தின் பெருமை பக்கம் பக்கமாக இருக்கும். வேலை எவ்வளவு என்பது ஒரு வரியில் முடிந்துவிடும். நிதி தருபவரோ அந்த ஒரு வரியைத்தான் தேடுகிறார். எத்தனை கொப்பி, யாரிடம், எந்த நிலையில், எத்தனை நாளில், யார் செய்வது, முடிந்தபின் அது எங்கே இருக்கும்? எழுத உட்காருமுன் இவற்றை எண்ணி வைத்திருந்தால் விண்ணப்பத்தின் பாதி வேலை முடிந்துவிட்டது.

எந்தக் கதவைத் தட்டுவது

நிதியில் இரண்டு வகை உண்டு என்பதை முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்று, அழியும் நிலையில் உள்ளதைப் படியெடுத்துப் பாதுகாக்கத் தரப்படுவது. இங்கே பொருளின் அருமையும் ஆபத்தும் அளவும்தான் கேள்வி. மற்றது ஆய்வு நிதி. அங்கே ஒரு கேள்வி இருந்தே ஆகவேண்டும். “வடமோடிக் கூத்துகளை ஆவணப்படுத்தல்” (வடமோடி என்பது கூத்தில் ஒரு வகை) என்பது முதல் வகைக்குப் பொருந்தும் தலைப்பு. “ஒரே பாரதக் கதைக் கூத்தின் கொப்பிகளில் எந்தப் பாடல்கள் ஊருக்கு ஊர் விடுபடுகின்றன, ஏன்?” என்பது இரண்டாம் வகைக்கு உரியது. முதல் வகைத் தலைப்போடு ஆய்வு நிதிக்குப் போனால், “இதில் ஆராய்ச்சி எங்கே?” என்ற ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வரும்.

பாதுகாப்பு நிதியில் நம்மவர்கள் கட்டாயம் அறிந்திருக்கவேண்டியவை நான்கு. நான்குமே ஆர்கேடியா அறக்கட்டளையின் பணத்தில் வளர்ந்தவை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளைக் கேட்கிறது. பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்தும் அழிவுநிலை ஆவணங்கள் திட்டம் ஏடுகள், கையெழுத்துப் பிரதிகள், பழைய பதிவேடுகள் போன்ற காலத்தால் முந்தியவற்றுக்கானது. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக நூலகம் 2018 இல் தொடங்கிய நவீன அழிவுநிலை ஆவணத் திட்டம் 20, 21 ஆம் நூற்றாண்டுப் பொருட்களை எடுத்துக்கொள்கிறது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் அழிவுநிலைப் பொருள் அறிவுத் திட்டம் ஒரு பொருளை எப்படிச் செய்வது, எப்படிப் பயன்படுத்துவது என்ற கைவினை அறிவைப் பதிவுசெய்யத் தருகிறது. நான்காவது, முன்பு லண்டனிலும் இப்போது பேர்லினிலும் இயங்கும் அழிவுநிலை மொழிகள் ஆவணப்படுத்தல் திட்டம். மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இந்த நான்காவது திட்டத்தின் ஆதரவில் ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது.

ஆக, கண்ணகி அம்மன் கோயில் ஏட்டுக்கு முதற் கதவு. கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் 1960களில் எழுதிவைத்த கொப்பிக்கு இரண்டாவது. கூத்துக்குரிய உடுப்பையும் முடியையும் செய்யும் முறைக்கும் மருதமுனைக் கைத்தறிக்கும் மூன்றாவது. எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் அள்ளிப்போட்டால் எந்தக் கதவும் திறக்காது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் முதற்கட்டக் கள ஆய்வுக்கான சிறு நிதியைக் கேட்பது நல்லது. பிரித்தானிய நூலகத் திட்டத்தின் அண்மைச் சுற்றுகளில் இது 15,000 பவுண் வரை, கலிபோர்னியத் திட்டத்தில் 15,000 டொலர் வரை இருந்தது. தொகையும் விதியும் சுற்றுக்குச் சுற்று மாறும். அந்த ஆண்டின் அறிவித்தலைப் படித்துவிட்டே எழுதவேண்டும்.

உள்நாட்டில் மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞானத் துறைகளுக்கான தேசிய நிலையம் பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஆய்வுக்கு உதவுகிறது. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகம், கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பணிபுரிபவர்கள் முதலில் தங்கள் நிறுவனத்தின் உள்ளக ஆய்வு நிதியைப் பற்றி விசாரிப்பது புத்தி. தொகை சிறிதாக இருந்தாலும், ஒரு சிறு நிதியைப் பெற்றுக் கணக்கு ஒப்படைத்தவர் என்ற சான்று அடுத்த பெரிய விண்ணப்பத்துக்குத் துணை நிற்கும்.

அமெரிக்காவின் தேசிய மனிதப்பண்பியல் நிதியம் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்களுக்கும் அந்நாட்டு ஆய்வாளர்களுக்குமே பணம் தரும். பிரித்தானிய ஆய்வுச் சபைகளின் திட்டங்களுக்கு அந்நாட்டு நிறுவனமே தலைமை ஏற்கவேண்டும். நம்மவர் பங்காளராகச் சேரலாம். ஆகவே ஒரு அறிவித்தலைக் கண்டதும் முதலில் படிக்கவேண்டியது “யார் விண்ணப்பிக்கலாம்” என்ற பகுதி. அதற்கு அடுத்தது, எதற்குப் பணம் தரமாட்டோம் என்ற பகுதி. கட்டடம், வாகனம், நிறுவனத்தின் பொதுச் செலவு ஆகியவை பல திட்டங்களில் அங்கே இருக்கும்.

தனியாளாக விண்ணப்பிக்க முடியாத இடங்களே அதிகம். பணத்தைப் பொறுப்பேற்று, கணக்குக் காட்டி, படிகளை வைத்திருக்க ஒரு நிறுவனம் வேண்டும்: பல்கலைக்கழகம், நூலகம், அல்லது பதிவுபெற்ற ஓர் அமைப்பு. 2005 இல் தொடங்கிய, ‘நூலகம்’ என்ற பெயருள்ள எண்ணிம நூலகம் இந்தத் துறையில் நீண்ட அனுபவம் கொண்டது. விண்ணப்பிக்குமுன் அதன் சேகரத்தைத் தேடிப் பார்ப்பது கட்டாயம். ஏற்கெனவே எண்ணிமப்படுத்தப்பட்ட ஒன்றுக்கு மீண்டும் பணம் கேட்பதை மதிப்பீட்டாளர் உடனே கண்டுபிடிப்பார்.

எண்ணிப் பார்த்தல்

எண்ணிப் பார்ப்பதற்கு நிதி தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனாவும் கைத்தொலைபேசியும் போதும். ஒவ்வொரு வீட்டிலும் கோயிலிலும் ஐந்து விடயங்களைக் குறிக்கவேண்டும்: பொருள் என்ன, எத்தனை, சராசரிப் பக்கம் அல்லது ஓலை எவ்வளவு, உடல்நிலை எப்படி (பூச்சி அரித்தது, மை பரவியது, ஓலை ஒட்டிக்கொண்டது), உரிமை யாருக்கு. பத்துப் பன்னிரண்டு இடங்களைப் பார்த்துவிட்டால் மொத்தத்தை மதிப்பிட முடியும். “ஏராளமான கொப்பிகள்” என்று எழுதிய விண்ணப்பத்தையும் “14 அண்ணாவிமாரிடம் ஏறத்தாழ 140 கொப்பிகள், அவற்றில் 30 சிதைந்த நிலையில்” என்று எழுதிய விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதை நம்பலாம் என்பது யாருக்கும் தெரியும்.

அந்த 140 கொப்பியையே உதாரணமாக எடுத்துக் கணக்குப் போடுவோம். கொப்பிக்குச் சராசரி 80 பக்கம் என்றால் 11,200 பக்கம். விரித்துவைத்து இரண்டு பக்கத்தை ஒரு படமாக எடுத்தால் 5,600 படம். மேலிருந்து எடுக்கும் தாங்கி, இரு பக்கமும் விளக்கு, இருவர் கொண்ட குழு. ஒருவர் தாள் புரட்ட, மற்றவர் படம் எடுத்து இலக்கமிடுவார். நாளொன்றுக்கு 250 படம் என்று வைத்தால் 22 முதல் 23 நாள். சிதைந்த கொப்பிக்கு இரட்டிப்பு நேரம் பிடிக்கும். வீடு வீடாகப் போய்ச் சாமான் இறக்கி ஏற்றும் நேரம் வேறு. 35 நாள் என்று எழுதுவது நேர்மையானது. 250 என்ற எண்ணை யாரிடமும் கேட்டு எழுதவேண்டாம். கடன் வாங்கிய கமராவோடு அரை நாள் உட்கார்ந்து எடுத்துப் பார்த்து, உங்கள் எண்ணை எழுதுங்கள். “பரீட்சார்த்தமாக எடுத்தபோது இவ்வளவு வந்தது” என்ற ஒரு வாக்கியம் மதிப்பீட்டாளரின் நம்பிக்கையைப் பெற்றுத்தரும்.

சேமிப்பு இடத்தையும் இப்படியே கணக்கிடலாம். 24 மெகாபிக்சல் படம் ஒன்று, அழுத்தப்படாத 8 பிட் டிஃப் கோப்பாக 72 மெகாபைட். 5,600 படத்துக்கு ஏறத்தாழ 403 ஜிகாபைட். கமராவின் மூலக்கோப்பு ஒன்று 28 மெகாபைட் என்றால் இன்னும் 157. இத்துடன் அண்ணாவிமார் பாடும் பாடல்களை 40 மணித்தியாலம் பதிவுசெய்வதாக வைத்துக்கொண்டால், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், இரட்டைத் தட ஒலி மணிக்கு ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். மொத்தம் 600 ஜிகாபைட் வருகிறது. மூன்று படி, அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கவேண்டும் என்பதே பாதுகாப்பின் அடிப்படை விதி. வாவிக்கரை ஊரில் மூன்று வன்தட்டையும் ஒரே அலுமாரியில் வைத்திருந்தால் ஒரு வெள்ளம் போதும். வீடியோ சேர்த்தால் கணக்கு தலைகீழாகும்: விநாடிக்கு 100 மெகாபிட் தரத்தில் மணிக்கு 45 ஜிகாபைட்.

தொடக்கநிலையாளர் பெரும்பாலும் மறப்பது எழுத்தாக்கத்தின் நேரத்தை. மத்தளமும் சல்லரியும் பக்கப்பாட்டும் கலந்த ஒரு மணி ஒலியை எழுத்தாக்க எட்டு மணி என்பது குறைந்த மதிப்பீடு. 40 மணிக்கு 320 மணி. நாளுக்கு ஏழு மணி வேலை என்றால் 46 வேலை நாள். இதைச் செய்பவருக்குக் கூத்துப் பாடலும் வட்டார வழக்கும் தெரிந்திருக்கவேண்டும். அப்படிப்பட்டவருக்கு மாணவப் பயிலுநர் சம்பளம் போட்டு வைப்பது அநியாயம். அவர் பாதியில் போய்விட்டால் திட்டமும் பாதியில் நிற்கும். அண்ணாவியாருக்கும் தகவலாளருக்கும் மதிப்பூதியம் போடுவது இதைவிட முக்கியம். அறிவு அவர்களுடையது. வரவுசெலவில் அவர்களுக்கு ஒரு வரி இல்லாத திட்டம் சரியான திட்டமல்ல.

விண்ணப்பத்துக்குள்

சுருக்கத்தை முழுவதும் எழுதி முடித்தபின் கடைசியாக எழுதுங்கள். அதைப் படிப்பவர்களில் பலருக்கு மட்டக்களப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. எழுவான்கரை (வாவியின் கிழக்குப் பக்கம்), படுவான்கரை (மேற்குப் பக்கம்) என்றால் ஒன்றும் விளங்காது. இலங்கையின் கிழக்குக் கரை, நடுவே ஒரு வாவி, இரு கரையிலும் தமிழ், முஸ்லிம், பறங்கியர், வேடர் சமூகங்கள் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வேலைக்கு வரவேண்டும்.

ஆபத்து என்ற பகுதியில் பொதுவாக அழுவது பயனில்லை. ஆபத்தின் காரணத்தைச் சொல்லவேண்டும். கொப்பியின் தாள் அமிலத்தன்மையால் பழுப்பேறி உடைகிறதா? வாவிக்காற்றின் ஈரத்தால் பூஞ்சணமா? அண்ணாவியாருக்குப் பின் வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லையா? ஒவ்வொரு காரணத்துக்கும் கள ஆய்வில் எடுத்த ஒரு படம் இருந்தால் இணைக்கலாம்.

முறை பற்றிய பகுதியில் மீதரவுக்கு, அதாவது ஒவ்வொரு பொருளையும் விபரிக்கும் தரவுக்கு, தெளிவான திட்டம் வேண்டும். தலைப்பு, எழுதியவர், பிரதி செய்தவர், ஆண்டு, ஊர், மொழி, வரிவடிவம், உரிமை போன்ற களங்களை டப்ளின் கோர் என்ற 15 கூறுகள் கொண்ட பொதுத் தரத்துக்குப் பொருத்திக்காட்டினால் போதுமானது. ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் முதலில் தமிழிலும் பிறகு ஒரே ஒலிபெயர்ப்பு விதிப்படி ரோமன் எழுத்திலும் எழுதுவோம் என்று இங்கேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒரே அண்ணாவியார் நான்கு எழுத்துக்கூட்டலில் நான்கு ஆளாகப் பட்டியலில் நிற்பார். இன்னொன்றும் உண்டு. நம்மூரில் பழைய தட்டச்சுகள் பெரும்பாலும் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றியபின் பிழைதிருத்த நேரம் ஒதுக்கவேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதும், நிறுத்தற்குறிகள் வேறெழுத்தாய் வருவதும் அடிக்கடி நடக்கும்.

கையெழுத்தைக் கணினி தானே வாசித்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். டிரான்ஸ்க்ரிபஸ் போன்ற மென்பொருளுக்கு ஒரு கையெழுத்தைப் பழக்கவே 5,000 முதல் 15,000 சொற்கள், ஏறத்தாழ 25 முதல் 75 பக்கம், மனிதர் சரியாகப் பெயர்த்தெழுதிக் கொடுக்கவேண்டும். 14 அண்ணாவிமார் என்றால் குறைந்தது 14 கையெழுத்து. ஏட்டில் புள்ளி இராது, சொற்பிரிப்பும் இராது. ஆகவே “இரண்டு கையெழுத்துகளில் பரிசோதித்து, பிழை வீதத்தை அறிக்கையிடுவோம்” என்று எழுதுங்கள். அது செய்யக்கூடியது, முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் பயன்படும்.

இணையத்தளம் அமைப்போம் என்பதும் இப்படித்தான். நிதி முடிந்த மறு ஆண்டு தளத்தின் பெயருக்குப் பணம் கட்ட ஆளில்லாமல் அது மறைந்துபோவதை இந்தத் துறையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மூலக்கோப்புகளை ‘நூலகம்’ போன்ற நிலையான சேகரத்திலும் பல்கலைக்கழக நூலகத்திலும் வைப்போம் என்று எழுதி, அந்த நிறுவனங்களின் கடிதத்தை இணைத்தால் பலம். தரவுத் தொகுதிக்குச் செனோடோ இருக்கிறது: ஐரோப்பிய அணு ஆய்வு மையம் நடத்துவது, பதிவு ஒன்றுக்கு 50 ஜிகாபைட் வரை இலவசம். கட்டாயம் தனித்தளம் வேண்டுமென்றால், யார், எத்தனை ஆண்டு, எந்தப் பணத்தில் பராமரிப்பார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

அனுமதி

இந்தப் பகுதியை அவசரத்தில் எழுதினால் திட்டம் பிறகு ஊருக்குள் போக முடியாமல் போகும். கோயில் ஏடு என்றால் வண்ணக்கர்மாரிடமும் (கோயில் நிர்வாகிகள்) கப்புகனாரிடமும் (கண்ணகி கோயில் பூசகர்), பள்ளிவாசலில் உள்ளது என்றால் நிருவாக சபையிடமும், வீட்டுக் கொப்பி என்றால் குடும்பத்தில் உரிமையுள்ள எல்லோரிடமும் பேசவேண்டும். அனுமதிப் படிவம் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். மூலம் உங்களிடமே இருக்கும், படி மட்டும் எடுக்கிறோம், அது இன்ன இடத்தில் எல்லோரும் பார்க்கக் கிடைக்கும், உங்கள் பெயர் இப்படி வரும், விரும்பாவிட்டால் விலகலாம் என்று வாசித்துக் காட்டியபின்பே கையெழுத்து.

மந்திர ஏடும் பரம்பரை வைத்திய ஏடும் பொதுவில் வரக்கூடாது என்று குடும்பம் சொன்னால் அதை மதிக்கவேண்டும். பிரித்தானிய நூலகத் திட்டம் போன்றவை படிகளை ஆய்வுக்காகத் திறந்து வைக்கக் கேட்பதால், அத்தகைய ஏடுகளை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவதே சரி. கூடுதலாகக் காட்டிவிட்டுப் பிறகு குறைத்தால் கேள்வி வரும்.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டைக் குறிப்பிடவேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. ஆகவே 1970இல் ஓர் அண்ணாவியார் புதிதாக எழுதிய கூத்துக்கு இன்றும் உரிமையாளர் இருக்கிறார். ஒலிப்பதிவிலும் படிவத்திலும் வரும் ஆட்களின் விபரத்துக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கவனிக்கவேண்டும். பல்கலைக்கழகம் சார்ந்தவர் என்றால் அறநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும். அந்தக் குழு கூடுவதற்கு மாதங்கள் ஆகலாம். நிதி கிடைத்தபின் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கக்கூடாது.

நாட்காட்டியும் பணமும்

வேலைத்திட்டத்தை ஊரின் நாட்காட்டியோடு சேர்த்து வரையுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. தாழ்ந்த பாதைகள் வெள்ளத்தில் போகும், ஈரத்தில் ஏட்டை வெளியே எடுப்பதும் தவறு. அந்த மாதங்களை மீதரவுக்கும் எழுத்தாக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை; வீட்டில் ஆள் இராது. சில கோயில்களில் வைகாசிச் சடங்குக் காலத்தில்தான் ஏடு திறப்பார்கள். அந்தச் சில நாளைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். முஸ்லிம் ஊர்களில் நோன்பு மாதத்தில் களவேலை வைக்கக்கூடாது. இப்படி எழுதிய அட்டவணையைப் பார்த்தாலே, எழுதியவருக்கு இடம் தெரியும் என்று மதிப்பீட்டாளருக்குப் புரியும்.

முதல் மூன்று மாதத்தில் படப்பிடிப்பு என்று எழுதாதீர்கள். வெளிநாட்டுப் பணம் வந்து, நிதிக்கிளையில் தனிக்கணக்குத் திறந்து, மூன்று விலைமனு எடுத்து, கமரா கைக்கு வர அந்த மூன்று மாதமும் போய்விடும். அந்தக் காலத்துக்குப் பயிற்சியும் அனுமதி பெறுதலும் வைக்கலாம். அரசசார்பற்ற நிறுவனம் என்றால் வெளிநாட்டு நிதி பெறுவதற்கான பதிவு நடப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கவேண்டும்.

நாணயமாற்றையும் மறக்கவேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அந்த ஆண்டு நடுப்பகுதியில் 360ஐத் தொட்டது. அடுத்த ஆண்டு நடுவில் 300ஐ ஒட்டி இறங்கியது. 360இல் சம்பளத்தைக் கணக்கிட்டவருக்கு ஆறில் ஒரு பங்கு குறைந்துபோனது. சற்றுக் குறைந்த வீதத்தில் கணக்கிட்டு, பயன்படுத்திய வீதத்தையும் திகதியையும் வரவுசெலவின் அடியில் குறிப்பிடுங்கள். கமராவின் விலையோடு உபரி மின்கலம், மின்தடைக்கான யூபிஎஸ், நிறத்தரப் பலகை, வில்லையில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கச் சிலிக்கா ஜெல், காற்றுப்புகாப் பெட்டி ஆகியவற்றையும் சேருங்கள். எல்லாம் சிறு தொகை. இல்லாவிட்டால் ஐந்தாம் மாதம் வேலை நிற்கும்.

ஆதரவுக் கடிதங்களுக்குக் கடைசித் திகதிக்கு ஆறு வாரம் முன்பே போங்கள். துணைவேந்தர் வெளியூரில் இருப்பார், பதிவாளர் கோப்பைப் பார்த்திருக்கமாட்டார். கடிதத்தில் “வாழ்த்துகிறோம்” என்று மட்டும் இருந்தால் பயனில்லை. அறை தருவோம், படியை இத்தனை ஆண்டு வைத்திருப்போம், ஓர் ஊழியரை விடுவிப்போம் என்று எழுதியிருக்கவேண்டும்.

முதற் சுற்றில் கிடைக்காமல் போவது வழமை. மறுப்புக் கடிதத்தோடு மதிப்பீட்டாளர் குறிப்பு வராவிட்டால் மரியாதையாகக் கேட்டு வாங்கலாம். பல திட்டங்கள் மீண்டும் விண்ணப்பிக்க இடம் தருகின்றன. மறுமுறை அனுப்பும்போது ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன மாற்றினீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ஏற்கமுடியாத குறிப்பு என்றால் காரணத்தோடு அதையும் சொல்லலாம். அதற்குள் கள ஆய்வுப் பட்டியலையும் புதுப்பித்துவிடுங்கள். ஓராண்டில் சில கொப்பிகள் இல்லாமல் போயிருக்கும், சில புதிதாகத் தெரியவந்திருக்கும்.